"பேச்சு தானா வரும்" என்று காத்திருக்கலாமா?

"மூணு வயசாச்சு டாக்டர், இன்னும் 'அம்மா'ன்னு கூப்பிடலை. மாமியார் என்னடான்னா, 'இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், பொறு'ங்கிறாங்க..."

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வைத்தியம் பார்க்கிற எவருக்கும் பழகிப்போன பேச்சு இது. ஐந்து வயது வரை பேசாமலிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரரையும் உதாரணம் காட்டுவார்கள். பிரார்த்தனை தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து மாதங்களைக் கடத்தாதீர்கள்.

பேச்சு தாமதமானாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது வேறு. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் காக்காயை விரலால் காட்டிவிட்டு, 'நீயும் பார்த்தியா?' என்பதுபோல உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? தண்ணீர் வேண்டுமானால் சில குழந்தைகள் உங்கள் கையை இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைக்கும், கண்ணைப் பார்க்காது. கார் பொம்மையை ஓட்டாது, சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மிக்ஸி போட்டால் காதைப் பொத்தும். பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோனால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து இதை எழுதினார். பிறகு வெகுகாலம் பாசமில்லாத தாய்தான் காரணம் என்று பழி போட்டார்கள். அது தவறென்று நிரூபணமாகிவிட்டது. வேலைக்குப் போகிற மருமகளைக் குற்றம் சொல்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

சித்த மருத்துவன் என்பதால் என்னிடம் மருந்து கேட்பார்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் உண்டு. ஆனாலும் நாக்கில் தடவுவதால் ஆட்டிசம் போகாது. மலச்சிக்கல், தூக்கமின்மை போன்ற கூடவே வரும் தொல்லைகளுக்கு எங்களால் உதவ முடியும். 'பூரண குணம்' என்று யாராவது ரசம் சேர்ந்த செந்தூரத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் சொல்லிவிட்டது.

சரி, எங்கே போவது? முதலில் காது பரிசோதனை. காது கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாதே! அடுத்து, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். தாம்பரத்துக்காரர்கள் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை வழியாகப் போகலாம். நம் நாட்டுக் குழந்தைகளுக்கென்றே உருவான அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 40 அம்சங்கள், 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம். கோட்டூர்புரத்தில் 1985-ல் தொடங்கிய 'வித்யாசாகர்' இருக்கிறது.

ஆனால் பெயர் பெற்ற இடம் என்பதற்காகத் தினமும் நெரிசல் ரயிலில் குழந்தையை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். அலறிக் களைத்துப்போன பிள்ளை அங்கே போய் என்ன கற்கும்? பெரிய இடத்தில் மதிப்பீடும் திட்டமும் வாங்கிக்கொண்டு, அன்றாடப் பயிற்சியை வீட்டருகே வைத்துக்கொள்வது மேல். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி எதுவானாலும் அம்மாவையும் உள்ளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடமாக இருக்கட்டும். வாரம் 2 மணி நேரம்தான் அவர்களிடம். மீதியெல்லாம் நம் வீட்டுச் சமையலறையில்தானே.

பள்ளிக்கூடம்தான் பெரிய மலை. "எங்ககிட்ட வசதி இல்லையே" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள். 1995 சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளில் அதுவும் சேர்ந்தது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும். 40 சதவீதமோ மேலோ சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. ஆகவே தனித்துவ அடையாள அட்டைக்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? கௌரவம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கழிப்பறைக்குத் துணை யார், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், சிறப்பாசிரியர் வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். ஜூன் வரை காத்திராமல் ஜனவரியிலேயே குழந்தையோடு போய்ப் பாருங்கள், அதுவும் இடைவேளை மணி அடிக்கிற நேரத்தில். அந்த இரைச்சலைப் பிள்ளை தாங்குகிறதா, அழுதால் அங்குள்ள ஆசிரியை என்ன செய்கிறார் என்பது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும்.