கரிசலுக்குள் ஒரு மின்வடம்

நுழையும்முன்

கம்பத்தில் செல்லும் மின்கம்பி அறுந்து விழுந்தால் ஊரே அறியும். மண்ணுக்குள் புதைந்த மின்வடம் நலிவுற்றாலோ, விளக்கு அணையும் வரை ஒருவரும் அறியார். அந்நலிவை முன்கூட்டியே கண்டறியும் சோதனைகளையும், நெடுங்காலம் நம்பப்பட்ட ஒரு சோதனை கைவிடப்பட்ட காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

மண்ணின் இயல்பு

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியை அடுத்துள்ள ஊர் பசுவந்தனை. உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, சோளம் ஆகியன மானாவாரியாக விளையும் கரிசல் பூமி அது. ஐப்பசி மழையில் நீரை உறிஞ்சிப் பருத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும் இம்மண், சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமமே இதற்குக் காரணமாகும்.

இத்தகைய நிலத்தில் புதைக்கப்படும் மின்வடத்திற்கு ஆண்டு முழுவதும் சோதனைக்காலமே. மழைக்காலத்தில் ஈரம் நெடுநாள் அதன் மேலுறையைச் சூழ்ந்திருக்கும். கோடையில் உலர்ந்த மண்ணும் வெடிப்புகளில் புகுந்த காற்றும் வெப்பத்தை எளிதில் கடத்தா. ஆதலால் மின்னோட்டத்தால் வடத்தில் தோன்றும் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கும். மண் விரிந்து சுருங்கும்போது வடத்தின் இணைப்புகளும் இழுபடக்கூடும்.

காப்பின் வரலாறு

மின்வடத்தின் நடுவே செல்வது அலுமினியம் அல்லது செம்பாலான கடத்தி. அதனைச் சூழ்ந்து, மின்சாரம் வெளியே கசியாமல் தடுப்பது மின்காப்பு. தொடக்கத்தில் எண்ணெயில் ஊறிய காகிதமே உயர் அழுத்த வடங்களுக்குக் காப்பாக விளங்கியது. 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாலிஎத்திலீன் என்னும் பலபடி கண்டறியப்பட்டது. பின்னர், அதன் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, எளிதில் உருகாத குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் உருவாக்கப்பட்டது. இக்காப்புடைய வடத்தின் கடத்தி 90 செல்சியஸ் வெப்பநிலையிலும் தொடர்ந்து பணியாற்றவல்லது.

11 கிலோவோல்ட் வடத்தில் இக்காப்பின் தடிமன் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் மட்டுமே. கடத்திக்கும் நிலத்திற்கும் இடைப்பட்ட 6,350 வோல்ட் அழுத்தத்தை அம்மெல்லிய சுவரே இரவும் பகலும் தாங்குகிறது. அதற்குள் ஒரு சிறு காற்றுக்குமிழியோ தூசித்துகளோ இருந்தாலும் அவ்விடத்தில் நலிவு தொடங்கிவிடும்.

ஒவ்வொரு சோதனையும் ஒரு கண்

ஆலையில் உருவான வடம் வெளியேறுமுன்பே சோதிக்கப்படுகிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைப்படி, பணிக்குரிய அழுத்தத்தைப் போல மூன்றரை மடங்கு அழுத்தத்தை ஐந்து நிமிடம் அது தாங்க வேண்டும். இந்தியாவில் 3.3 முதல் 33 கிலோவோல்ட் வரையிலான இவ்வகை வடங்களுக்கு இந்தியத் தரநிலை 7098இன் இரண்டாம் பகுதி வழிகாட்டுகிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 1960இல் தொடங்கப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளை மேற்கொள்கிறது.

காப்பினுள் குமிழி இருப்பின், அதிலுள்ள காற்று மின்னழுத்தத்தைத் தாங்காமல் நுண்பொறிகளை எழுப்பும். இதுவே பகுதி மின்னிறக்கம் எனப்படும். இதனை அளக்கும் அலகு பிகோகூலூம். அது ஒரு கூலூமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அத்தனை சிறிய துடிப்பையும் சோதனைக்கூடக் கருவி பதிவு செய்துவிடும்.

வடம் புதைக்கப்பட்ட பின், மெகர் என்று தொழிலாளர் வழங்கும் கருவியால் காப்பின் மின்தடை அளக்கப்படுகிறது. இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வடத்தின் நீளம் இரு மடங்கானால் கசிவதற்குரிய பரப்பும் இரு மடங்காகும். ஆதலால் காப்புத் தடை பாதியாகும். நீளத்தையும் வெப்பநிலையையும் கருதாமல், அளவு குறைந்துள்ளது என்பதற்காகவே நல்ல வடத்தைப் பழுதெனத் தள்ளிவிடுதல் கூடாது.

ஈரம் விளைவிக்கும் கேடு வேறு வகையானது. மின்புலமும் நீரும் சேர்ந்து, காப்பினுள் கிளைவிட்ட மரம்போன்ற நுண்தடங்களைப் பல ஆண்டுகளில் வளர்க்கின்றன. இவற்றை நீர்மரம் என்பர். நீர்மரம் பொறி எழுப்பாது. ஆகவே பகுதி மின்னிறக்கச் சோதனைக்கு அது அகப்படுவதில்லை. காப்பில் வீணாகும் ஆற்றலை அளக்கும் டான் டெல்டா சோதனையே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சோதனை காணாததை மற்றொன்று காண்பதால், ஒன்றில் மட்டும் தேறிய வடத்தை முற்றும் நலமுடையதென்று கருதவியலாது.

நம்பிக்கை மாறிய கதை

காகிதக் காப்பு வடங்களைக் களத்தில் சோதிக்க உயர் நேர்த்திசை மின்னழுத்தமே நெடுங்காலம் பயன்பட்டது. அதற்குரிய கருவி சிறியது, கொண்டுசெல்ல எளியது. பலபடிக் காப்பு வந்தபின்னும் அவ்வழக்கமே தொடர்ந்தது. ஆனால், நீர்மரம் படர்ந்த பழைய வடங்கள் சோதனையில் தேறிய பிறகு, மீண்டும் பணியில் இணைக்கப்பட்ட சில நாள்களிலேயே பழுதுற்றன. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. நேர்த்திசை அழுத்தத்தால் பலபடிக்குள் புகுந்த மின்னூட்டங்கள், சோதனை முடிந்த பின்னும் அங்கேயே சிக்கிக்கொண்டு காப்பின் சுமையைக் கூட்டின. நலத்தை அறியச் செய்த சோதனையே நலிவுக்கு வித்திட்டது.

மாறுதிசை அழுத்தம் அத்தீங்கைச் செய்யாது. எனினும், நீண்ட வடம் ஒரு பெரிய மின்தேக்கியாகச் செயல்படுவதால், வழக்கமான 50 ஹெர்ட்சில் சோதிக்க மிகப்பெரிய கருவி தேவைப்படும். அதிர்வெண்ணை 0.1 ஹெர்ட்சாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் 500இல் ஒரு பங்காகிவிடும். கருவி ஒரு வண்டியில் அடங்கிவிடும். மிகத் தாழ் அதிர்வெண் சோதனை இவ்வாறே களத்திற்கு வந்தது.

தெரியுமா?

தமிழ்நாட்டின் புகளூரையும் கேரளத்தின் திருச்சூரையும் இணைக்கும் 2,000 மெகாவாட் மின்தொடர் 2021இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 320 கிலோவோல்ட் நேர்த்திசை மின்சாரத்தைச் சுமக்கும் இத்தொடரில் மேல்நிலைக் கம்பிகளுடன் பலபடிக் காப்பு நிலத்தடி வடமும் இணைந்துள்ளது. மின்னூட்டம் உள்ளே தங்குவதைக் குறைக்கும் வகையில், இத்தகைய வடத்தின் காப்பு தனியே வடிவமைக்கப்படுகிறது.

இறுதிப் பணி

சோதனை முடிந்ததும் வடத்தை நிலத்துடன் இணைத்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கியாக வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்ட வடம் உயிரற்றது என எண்ணித் தொடுபவர் தம் உயிரையே இழக்க நேரிடும். சோதனைத் தாளில் எழுதப்படாத இச்சிறு செயலை மறவாதவரே அப்பணிக்கு உரியவர். அன்று குறிக்கப்பட்ட அளவுகளும் பேணப்பட வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை என அவற்றை ஒப்பிட்டு வந்தால், கரிசலுக்குள் கிடக்கும் வடத்தின் நலத்தை மண்ணைத் தோண்டாமலே அறியலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மின்வடம் நிலத்தடியில் செல்லும் இடங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அங்குள்ள மண்ணின் தன்மையுடன் பட்டியலிடுக. மின் அமைப்புகளின் அருகில் செல்லற்க.
2. 'பழைய வழக்கம் புதிய பொருளுக்குப் பொருந்துமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

நீர்மரம் என்பது யாது? அதனைப் பகுதி மின்னிறக்கச் சோதனையால் அறிய இயலாமைக்குக் காரணம் என்ன?

நெடுவினா

பலபடிக் காப்பு வடங்களுக்கு நேர்த்திசை மின்னழுத்தச் சோதனை கைவிடப்பட்டதன் காரணங்களைத் தொகுத்து எழுதுக.