விழாவும் ஆறும்

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாம்பழப் பருவத்தில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடைபெறுகிறது. பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா முதலிய வகைகளைக் காண ஊரே திரள்கிறது. அரசுத் துறைகளும் அரங்குகள் அமைத்துத் தம் திட்டங்களை விளக்குகின்றன. நூலில் கடினமாகத் தோன்றும் கருத்தும் கண்டும் கேட்டும் அறியும்போது எளிதில் மனத்தில் பதியும். நிலையான வளர்ச்சி என்னும் கருத்தும் அவ்வாறே மக்களைச் சென்றடைய வேண்டும்.

வருந்தலைமுறையின் வாழ்வுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நிலையான வளர்ச்சி என 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் விளக்கியது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை அதற்கென 17 இலக்குகளை வகுத்தது.

இதன் இன்றியமையாமையை இம்மாவட்டத்தில் தென்பெண்ணையாறு உணர்த்துகிறது. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூருப் புறநகர்க் கழிவுநீரையும் ஏற்று ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணை திறக்கப்படும்போது வெண்ணுரை பொங்கி எழுந்த நாள்கள் பல. அந்நீரே கிருஷ்ணகிரி அணை வழியாக வயல்களுக்கும் பாய்கிறது.

சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஒசூரில் எண்ணற்ற குடும்பங்கள் தொழிலை நம்பி வாழ்கின்றன. எனவே, ஆலைகளை மூடுவது தீர்வாகாது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி வெளியேற்றுவதே தீர்வு. நுரைக்கு ஆலைக்கழிவு மட்டுமன்று, சலவைத்தூள் கலந்த வீட்டுக் கழிவுநீரும் காரணமாகும். ஆகவே, இப்பொறுப்பு ஆலைக்கும் உண்டு, இல்லத்துக்கும் உண்டு, எல்லையின் இருபுறத்தார்க்கும் உண்டு.

விழா அரங்கில் ஒருநாள் கேட்டறிந்ததை அன்றாட வாழ்வில் கடைப்பிடித்தால்தான் ஆறு தெளியும்.