எல்லைக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம்: மூன்று பாடவேளைகள்

கரியமாணிக்கம் பகுதிப் பிள்ளைகளுக்கு மாநில எல்லை புதிதல்ல. அத்தை வீடு தமிழ்நாட்டில் இருக்கும். துணி எடுக்கக் கடலூர் போவார்கள். கல்யாணத்துக்கு விழுப்புரம் போவார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைச் சிதம்பரத்தில் சேர்க்கலாமே என்றால், "அது வேற ஸ்டேட்டாச்சே டீச்சர்" என்று பெற்றோர் தயங்குகிறார்கள்.

தயக்கத்தைப் போக்க ஊக்கமூட்டும் பேச்சே போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தியைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் விஷயம் தெரிந்தது. புதுச்சேரியில் வாங்கிய சாதிச் சான்று அங்குள்ள இட ஒதுக்கீட்டுக்குப் பயன்படவில்லை. அவளைப் பொதுப் பிரிவில் வைத்தார்கள், இடம் கிடைக்கவில்லை. அதற்குள் இங்கே சென்டாக் விண்ணப்பத்தின் கடைசி நாளும் கடந்திருந்தது. ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டுத்தான் கல்லூரி போனாள். விதியைப் படிக்காமல் ஊக்கம் மட்டும் கொடுத்த தவறு என்னுடையது. அதன்பின் 9 முதல் 11 வரையிலான வகுப்புகளில் நான் நடத்திவரும் மூன்று பாடவேளைகளை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: வரைபடம்

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, தம் ஊரை நடுவில் வைத்து ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள். உறவினர் ஊர், சந்தை, மருத்துவமனை, பேருந்து வழி ஆகியவற்றைக் குறிக்கட்டும். பிறகு காலாப்பட்டு, காரைக்கால், சிதம்பரம் மூன்றையும் குறித்துப் பேருந்து வழியை இணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு செய்திகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்தைக் கடந்துதான் மீண்டும் புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். காரைக்கால் போகும் பேருந்து கடலூர், சிதம்பரம் வழியாகவே போகிறது. "நம்ம காரைக்கால்" என்று பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர், அதில் ஏறக்குறையப் பாதித் தொலைவில் உள்ள சிதம்பரத்துக்கு யோசிக்கிறார்கள். பயம் தொலைவைப் பற்றியது அல்ல என்பது இங்கே வகுப்புக்குப் புரிந்துவிடும்.

வரலாற்றுப் பாடத்தோடும் இதை இணைக்கலாம். சோழர் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும், திருபுவனையில் 260 மாணவர்களும் படித்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எண்ணாயிரம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. திருபுவனை புதுச்சேரியில் இருக்கிறது. அன்று இரண்டுக்கும் நடுவே எல்லை இல்லை. அந்தக் கல்வி எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்றைய எல்லை பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றது. 1954-இல் அந்த ஆட்சி முடிந்த பிறகும் நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன்தான் இணைந்திருந்தன. நமக்கென்று பல்கலைக்கழகம் வந்தது 1985-இல்தான்.

இரண்டாம் பாடவேளை: இரண்டு பத்திகள்

கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள்.

இடப்பக்கம், "எல்லை கேட்காத கதவு" என்று எழுதுங்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இதில் வரும். அங்கே சேர மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். எந்த மாநிலத்தவர் என்பது தடையில்லை. கியூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அதன் பாடப்பகுதி என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டியது. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் அதே நூல்களைத்தான் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிற மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீட் வழியே நிரப்பப்படும் 15 விழுக்காடு அகில இந்திய இடங்களும் இந்தப் பக்கமே.

வலப்பக்கம், "எல்லை கேட்கும் கதவு" என்று எழுதுங்கள். மாநில அரசு நடத்தும் சேர்க்கைகள் இதில் வரும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் தமிழ்நாடு அரசின் நிர்வாகத்தில் உள்ளது. அதுவும் இந்தப் பக்கம்தான். இங்கே பிறப்பிடச் சான்று பற்றிய விதியை முதலில் படிக்க வேண்டும். பிற மாநில மாணவர்கள் பொதுவாகப் பொதுப் பிரிவிலேயே கணக்கிடப்படுவர். தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1000 கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் சில பெற்றோர் ஆசைப்படுவார்கள். அது தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு. நம் பள்ளியில் படித்தவருக்குக் கிடைக்காது.

ஆகவே ஒரே ஒரு விதியை மாணவர் மனத்தில் பதியவையுங்கள்: எல்லைக்கு அப்பால் விண்ணப்பிக்கும் எவரும் சென்டாக் விண்ணப்பத்தையும் விடக்கூடாது. மருத்துவச் சேர்க்கையில் புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு போன்ற உரிமைகள் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன.

மூன்றாம் பாடவேளை: கோப்பு

ஒவ்வொரு மாணவரும் ஒரு கோப்பு தொடங்கட்டும். குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றுகளின் நகல்கள் அதில் சேரட்டும். மத்திய நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றுக்குத் தனிப் படிவம் உண்டு. மாநிலச் சான்று அதற்கு ஈடாகாது. ஆதார், பள்ளிப் பதிவேடு, பிறப்புச் சான்று மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பக்கத்து மாணவர் சரிபார்க்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் கண்டால் திருத்த நேரம் இருக்கிறது. சேர்க்கை நாளில் கண்டால் இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கே பெரிய பங்கு உண்டு. முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் நாம் எழுதும் பெயர்தான் பிள்ளையோடு பல்கலைக்கழகம் வரை போகிறது. பிறப்புச் சான்றைப் பார்த்தே எழுதுங்கள்.

பெற்றோர் கூட்டம்

பெற்றோரிடம் பெருமை பேச வேண்டாம். அவர்கள் கேட்பவை நேரான கேள்விகள். "பொண்ணு எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும்?" "விடுதிக்கு எவ்வளவு ஆகும்?" "கூட யார் போறா?" பேருந்து நேரத்தையும் அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் உள்ள கட்டணத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஏற்கெனவே அப்பக்கம் படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தியை அவள் அம்மாவோடு அழைத்து வாருங்கள். அந்த அம்மாவிடம் மற்ற அம்மாக்கள் கேட்கும் கேள்விகளை என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை.

மதிப்பீட்டுக்கு ஒரு சிறு பணி போதும். ஒவ்வொரு மாணவரும் எல்லைக்கு இப்பக்கம் ஒரு படிப்பையும் அப்பக்கம் ஒரு படிப்பையும் தேர்ந்து, தேர்வு, சான்று, கடைசி நாள், செலவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி வர வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், தாளின் கீழே எந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்து எழுதினார் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை நாமும் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுப்போம். என் மாணவிக்கு அன்று நான் செய்யத் தவறியது அதைத்தான்.