அண்ணன் பீரோவில் 37 டி-ஷர்ட்! (ஒரு துணிப் பாடம்)



ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் எங்க அண்ணன் ஒரு டி-ஷர்ட்டோடுதான் திரும்பி வருவார். கிரிக்கெட் போட்டிக்கு ஒண்ணு, ஆயுத பூஜைக்கு லேத் பட்டறையில் கொடுத்தது ஒண்ணு. பீரோ கதவு மூடவில்லை. லீவில் நானும் அம்மாவும் எல்லாத்தையும் கட்டிலில் கொட்டி எண்ணினோம். மொத்தம் 37. காலர் வைத்த சட்டை இரண்டே இரண்டு!

ஒரு விஷயம் கவனித்தேன். துவைத்து மடித்ததை அடுக்கின் மேலேயே வைக்கிறோம். காலையில் எடுப்பதும் மேலே இருப்பதைத்தான். அதனால் மேலே உள்ள ஏழெட்டு மட்டும் மாறி மாறி உடம்புக்குப் போகுது, அடியில் உள்ளது வெயிலையே பார்ப்பதில்லை. உங்க வீட்டிலும் அடுக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், மறந்தே போன துணி கிடைக்கும்.

அடுத்து, எது பருத்தி எது பாலியஸ்டர் என்று பிரிக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குக் கீழே சின்னச் சீட்டு இருக்கும், அதில் போட்டிருக்கும். சீட்டு அழிந்து போனதற்கு நூல் சோதனை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீயில் காட்ட வேண்டும் (பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும்!). காகிதம் எரிகிற வாசனை வந்து, மெத்தென்று சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி போல ஆனால் பாலியஸ்டர். இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி. எங்களுக்குப் பருத்தி 23, மற்றது 14 என்று வந்தது.

இப்போ கணக்கு. ஒரு பருத்தி டி-ஷர்ட் உருவாக, செடி வளர்வதிலிருந்து சேர்த்தால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று உலக இயற்கை நிதியம் சொல்கிறது. 23 x 2,700 = 62,100 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஐந்து வந்து நின்றாலும் போதாது! எங்க தெருவில் ஒரு லாரி வருவதற்கே என்ன பாடு!

அதோடு முடியவில்லை. பனியன் துணிக்குப் பேர் போன திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற முறை இறுகியதெல்லாம் அதற்குப் பிறகுதான். நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் வரும் கழிவு, கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை நாமே பார்த்திருக்கோம்.

சரி, 37-ஐ என்ன செய்தோம்? அண்ணன் தானே தேர்ந்தெடுத்து 14 வைத்துக்கொண்டார். ("பாப்பா, அது ஃபைனல்ல ஜெயிச்சது, தொடாதே!") பழைய துணிக்குப் பாத்திரம் தரும் அம்மாவிடம் கேட்டோம். "பேன்ட், சட்டை இருந்தா குடுங்க, பனியன் துணி வேணாம்"னு போயிட்டாங்க. திருநெல்வேலியில் 2017-ல் 'அன்புச் சுவர்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வேண்டாததை வைக்கலாம், தேவைப்பட்டவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். எங்க தெருவில் அப்படி இல்லை. பக்கத்தில் கட்டட வேலை செய்யும் அண்ணன்களிடம், பழசு கொடுக்கலாமா என்று முதலில் கேட்டு, துவைத்து இஸ்திரி போட்டு 9 கொடுத்தோம். கிழிந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அம்மா கட்டளை.

கிழிந்த பருத்தி 6 பட்டறைக்குப் போச்சு. பனியன் துணி ஊடும் பாவுமாக நெய்தது இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியது. அந்த இடைவெளியில் எண்ணெயும் தண்ணீரும் நன்றாக ஏறும். அதனால்தான் சிப்காட் பக்கம் 'வேஸ்ட்' என்று கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். மெஷினை நிறுத்திய பிறகுதான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியோடு கையும் போகும். ஆனால் எண்ணெய் ஊறிய பிறகு அந்தத் துணி அபாயகரக் கழிவு. 2016 விதிகளின்படி குப்பையில் போடக் கூடாது, தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

மீதி 8, படம் உரிந்து போன பாலியஸ்டர். தண்ணீரை உறிஞ்சாது, சூடான இரும்பில் பட்டால் உருகி ஒட்டும், பட்டறையிலும் வேண்டாம் என்கிறார்கள். மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கு. இதற்கு வழி தெரிந்தவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள். உங்க வீட்டு எண்ணிக்கையையும் சேர்த்து!