விடியற்காலைத் தெருவும் காமிராவும்

சூரியோதயத்தைப் படம் பிடிப்பது வேறு. சூரியோதய வேளையில் ஒரு தெருவைப் படம் பிடிப்பது வேறு. முன்னதற்குக் கடலோரத்தில் நின்று காத்திருக்கும் பொறுமை போதும். பின்னதற்கோ, முதல் வெயில் எந்தச் சுவரில் விழும், அந்த வெயிலுக்குள் யார் எப்போது வந்து போவார் என்பதையெல்லாம் முன்னதாகவே அறிந்து வைத்திருக்க வேண்டும். மீமிசல் கடைத்தெருவில் விடியற்காலங்களில் காமிராவோடு நடந்து பழகியதில் எனக்குச் சித்தித்த பாடங்கள், இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் அன்பர்களுக்கு உபயோகப்படலாம்.

முதற்கண் திசையை அறிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூரில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்கிறது. சூரியனோ ஆனி மாதத்தில் நேர் கிழக்குக்கு வடக்கே ஏறக்குறைய 24 பாகையும், மார்கழியில் அதே அளவு தெற்கேயும் விலகி உதிக்கிறது. ஆகவே மார்கழி வெயில் சாலையைக் குறுக்கே வெட்டி எதிர்வரிசைக் கடைகளின் முகப்பில் விழ, ஆனி வெயில் சாலையின் போக்கை ஓரளவு அனுசரித்துச் சாய்ந்து வருகிறது. ஒரே இடத்தில் நின்றாலும் இரண்டு மாதங்களிலும் ஒரே படம் கிடைக்காது.

அடுத்தது காலம். இங்கே வைகாசியில் 6 மணிக்குச் சுமார் பத்து நிமிஷம் முன்னதாகவும், தை மாதத்தில் 6.35-ஐத் தாண்டியும் சூரியன் உதிக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அது அநேகமாகச் செங்குத்தாகவே மேலேறுகிறது. உதயமாகி அரை மணியில் ஆள் உயரத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நீண்டு கிடந்த நிழல், ஒரு மணி கழிவதற்குள் நான்கு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மிருதுவான அந்த வெளிச்சத்தின் ஆயுள் அவ்வளவே. எனவே அரை மணி முன்னதாகவே போய், நிற்குமிடத்தைத் தீர்மானித்துவிடுவது உத்தமம்.

பெரிய சிரமம் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள பேதந்தான். ஆகாயத்துக்கு ஏற்பக் காமிராவில் ஒளியளவு வைத்தால் தெரு கறுத்துவிடுகிறது. தெருவுக்கு ஏற்ப வைத்தால் ஆகாயம் வெளுத்துவிடுகிறது. நான் கைக்கொள்ளும் உபாயம், சூரியனைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு, அதன் வெயில் எதன்மேல் விழுகிறதோ அதையே படமாக்குவது. டீக்கடையில் மாஸ்டர் ஆற்றும்போது எழும் ஆவியைப் பாருங்கள்: பின்னாலிருந்து வெயில் பட்டு, அதற்கும் பின்னால் கடையின் இருண்ட உட்புறம் அமைந்தால்தான் அது கண்ணுக்குப் புலப்படும், ஓரடி நகர்ந்து, வெளுத்த சுவர் பின்னணியில் வந்துவிட்டால் ஆவி மறைந்தே போகும். வெளிச்சம் பட்ட பகுதிக்கு அளவு வைத்து, நிழல்களை நிழல்களாகவே விட்டுவிடுவதில் தவறில்லை.

உதயத்துக்கு முன் எடுக்க விரும்புவோர்க்கு ஒரு சூக்ஷ்மம். கடைகளின் எல்.இ.டி. விளக்குகளில் பல, மின்சாரத்தின் கதிக்கேற்ப வினாடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன; வேகமான ஷட்டரில் இது படத்தின் குறுக்கே பட்டைகளாக விழும். 1/100 அல்லது 1/50 வினாடி வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். குளிர்சாதன அறையிலிருந்து கொண்டுவந்த காமிராவின் லென்ஸில் கடலோரத்து ஈரக்காற்று பட்டவுடனே பனி படர்ந்துவிடும். ஆகையால் பையை மூடியபடியே வெளியே சற்று நேரம் வைத்திருந்த பிறகே திறக்க வேண்டும். உப்புக்காற்றின் படிவைத் தினமும் துடைப்பதும் அவசியம்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது மனிதர்களிடத்தில் காட்டவேண்டிய மரியாதை. சுபுஹுத் தொழுகை முடித்துத் திரும்புவோரும், ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு விரைவோரும், நண்டுக் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் தத்தம் ஜீவனத்தின் அவசரத்தில் இருப்பவர்கள்; நம் படத்துக்காக வந்தவர்கள் அல்லர். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாமென்றால் காமிராவைத் தாழ்த்திவிட வேண்டும், எடுத்ததை அவர்களுக்குக் காட்டவும் வேண்டும். ஆதலால் புதிதாகத் தொடங்குபவர், முதல் சில விடியற்காலங்களைக் காமிராவை வெளியே எடுக்காமல், தெருவையும் அதன் மனிதர்களையும் அறிந்துகொள்வதிலேயே செலவிடுவது நலம்.