வெற்றிலைச் செல்லம் போன மாயம்

கரையில் ஒரு பொருள் காணாமற் போனால் அது எந்தத் திசையிலும் போயிருக்கலாம். நடுக்கடலில் ஓடும் கப்பலில் காணாமற் போனாலோ, பொருளும் உள்ளேதான் இருக்க வேண்டும், எடுத்தவரும் உள்ளேதான் இருக்க வேண்டும். இந்தச் சௌகரியத்தினால்தானோ என்னவோ, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குக் கப்பலின்மீது தனிப் பிரியம் உண்டு. அகதா கிறிஸ்டி 1937-இல் வெளியிட்ட நைல் நதிக் கதையை ஒரு நீராவிக் கப்பலிலேயே நடத்தி, இறங்கி ஓட வழியில்லாத பிரயாணிகளை ஒருவர் பின் ஒருவராகச் சந்தேகிக்க வைத்தார். அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உல்லாசக் கப்பல் ஏறியது நான் செய்த முதற் பிழை. அதைப் படித்த கண்ணுக்கு, சோறு பரிமாறுகிறவர்கூடக் குற்றவாளியாகவே தென்படுவார்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கு 2023 ஜூன் மாதத்தில் உல்லாசக் கப்பல் போகத் தொடங்கியதல்லவா, அத்தகைய பிரயாணம் ஒன்றில் நானும் என் மனைவியும் ஒரு மாலை நேரத்தில் புறப்பட்டோம். என் பாட்டனார், 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில், மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர். அவரோடு கடல் கடந்து போய்ப் பத்திரமாகத் திரும்பிய பித்தளை வெற்றிலைச் செல்லம், வெற்றிலையை வைத்தியர் விலக்கிவிட்ட பிறகும் கிராம்பையும் ஏலக்காயையும் சுமந்துகொண்டு, நான் போகுமிடமெல்லாம் கூடவே வரும். மூன்று தலைமுறை கண்ட அந்தச் செல்லம், கப்பலேறிய மறுநாளே மாயமாய் மறைந்தது.

நடந்தது இதுதான். அன்று விடியற்காலையில் குளித்துவிட்டு ஈரத் துண்டைச் சன்னலோரம் விரித்த என் மனைவி, அது உலரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். சிற்றுண்டி முடிந்ததும் அவள் தோழிகளோடு பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் எட்டு மணிக்கு மாடிப்படி வழியே கீழே இறங்கி வந்து, பெருக்குவதற்காகத் திறந்து வைத்திருந்த அறைக்குள் கையை நீட்டி, கதவோரத்து மேஜையில் செல்லத்தை வைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போய்விட்டேன். நண்பகலில் வந்து பார்த்தால் மேஜை இருந்தது, செல்லம் இல்லை.

எதிர் அறையில் இருந்த ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், பல காலம் வேலையில்லாதிருந்த தம் திறமைக்குத் தீனி கிடைத்த ஆனந்தத்தில், “பூட்டு உடையலை சார், சாவி வெச்சிருக்கிற ஆளைத்தான் விசாரிக்கணும்” என்று அபிப்பிராயம் சொன்னார். சாவி வைத்திருந்தவர் எங்கள் அறையைத் துப்புரவு செய்யும் தூத்துக்குடி இளைஞர். முதல் நாள் இரவு துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைத்து எங்களை மகிழ்வித்த அவரை, மறுநாளே மனத்துக்குள் கள்வராக்கிவிட்டேனே என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நான் வாய் திறந்து சொல்லாததை அவர் என் முகத்திலேயே படித்துவிட்டார். “ஐயா, இது என் பொறுப்புல உள்ள ரூம். நானே ஆபீசர்கிட்டச் சொல்லிப் பார்க்கச் சொல்றேன்” என்று சொல்லி, அவரே போய் அதிகாரியை அழைத்து வந்தார்.

கப்பல் அறைகளின் பூட்டுக்கு ஞாபகசக்தி உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த அட்டை எந்த நிமிஷத்தில் கதவைத் திறந்தது என்பதை அது குறித்து வைத்துக்கொள்கிறது. அதிகாரி அந்தக் குறிப்பைப் படித்துச் சொன்னார்: எட்டரை மணிக்கு என் மனைவியின் அட்டை, பத்து மணிக்குத்தான் பணியாளரின் அட்டை, எட்டு மணிக்கு அந்தக் கதவு திறக்கப்படவே இல்லை.

“அப்படியானால் நான் நுழைந்தது எந்தக் கதவில்?” என்று நான் திகைத்து நிற்க, மனைவி நிதானமாக, “செல்லத்தை வெச்சப்ப ரூம் எப்படிங்க இருந்தது?” என்று கேட்டாள். வெயில் பட்டுப் பித்தளை பளபளவென்று மின்னியது எனக்கு நன்றாக நினைவிருந்தது, அதைச் சொன்னேன். “நம்ம ரூம்ல ஏதுங்க காலை வெயிலு? துண்டு காயலைன்னு நான்தான் புலம்பிக்கிட்டிருந்தேனே!” என்றாள். அவ்வளவுதான், பிரத்தியட்சத்திலிருந்து அனுமானத்துக்குப் போகும் தர்க்க சாஸ்திரம் முழுவதும் அந்த ஈரத் துண்டில் அடங்கியிருந்தது. கப்பல் தெற்கு நோக்கி ஓடுகிறது. ஆகையால் காலைச் சூரியன் அதன் இடப்பக்கத்துச் சன்னல்களில்தான் விழும். எங்கள் அறையோ வலப்பக்கம்!

மாடிப்படியிலிருந்து இறங்கி, திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இரண்டு பக்கத்து நடைகளும் அச்சாக ஒன்றாகவே இருந்தபடியால், வித்தியாசம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அங்கே, எங்கள் அறைக்கு நேர் எதிரான இடப்பக்கத்து அறையில், ஒரு மூதாட்டி செல்லத்தை நடுவில் வைத்துத் தம் தோழிகளுக்குக் கிராம்பு வழங்கிக்கொண்டிருந்தார். “நேத்து யானை வெச்சாங்க, இன்னிக்குச் செல்லம் வெச்சிருக்காங்க, தமிழ்நாட்டு மரியாதை தெரிஞ்ச கப்பல்காரங்கன்னு நெனச்சேன் தம்பி” என்றார். பாதிக் கிராம்பு அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கய்யா, மாத்தி வந்து அடுத்தவங்க கதவைத் தட்டாத ஆளே இல்ல” என்று சிரித்துவிட்டு, கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் தங்கள் ஊர்க் கடலோடிகள் சொல்வதை எனக்குக் கற்பித்தார். அணியத்தைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் எது, வலக்கைப் பக்கம் எது என்பதில் குழப்பமே வராது.

இனிக் கப்பலேறும் அன்பர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பல கப்பல்களில் ஒரு பக்கத்து அறைகளுக்கு ஒற்றை எண்ணும் மறுபக்கத்துக்கு இரட்டை எண்ணும் இருக்கும். சிலவற்றில் தரைக் கம்பளத்து மீன்கள் அணியத்தை நோக்கி நீந்தும். ஏறியவுடனே இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அன்புக்குரிய பொருளின் அடியில் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒட்டி வையுங்கள். என் பாட்டனார் தம் தகரப் பெட்டியில் பெயரையும் ஊரையும் வெள்ளைச் சாயத்தில் பெரிதாக எழுதியிருந்ததன் நியாயம் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று. புறப்படுமுன் நடக்கும் அபாயப் பயிற்சியை வேடிக்கையாக எண்ணித் தட்டிக் கழிக்காதீர்கள். பட்டப்பகலில் தன் அறைக்கு வழி தெரியாதவன், ஏழு குறுகிய ஊதலும் ஒரு நெடிய ஊதலும் கேட்கும் நள்ளிரவில் உயிர்காப்பு அங்கியை எங்கே போய்த் தேடுவான்?

கடைசியாக ஒன்று. பொருள் தொலைந்தால், நமக்குப் பணிவிடை செய்கிறவர்மீது சந்தேகம் ஓடுவது சகஜமாகிவிட்டது, அது நியாயமன்று. சந்தேகப் பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள்; இரண்டாவது பெயர் எழுத அநேகமாக அவசியம் நேராது.