குளோரினுக்குத் தாங்காத மென்சவ்வு

வவுனியா மாவட்டத்துக் கிராமமொன்றில், உப்பும் புளோரைட்டும் மிகுந்த குழாய்க்கிணற்று நீரைச் சுத்திகரித்து வழங்கும் சிறு நிலையமொன்றை ஊர்ச்சங்கத்தினர் நடத்திவந்தனர். வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்குக் குளோரின் இடப்பட்டது. அது செய்யவேண்டிய வேலையே. ஆனால் சங்கத்தினர் முன்னெச்சரிக்கையாக, நிலையத்தின் தொட்டிக்கும் வாராவாரம் குளோரின் கரைத்து ஊற்றத் தொடங்கினர். சில மாதங்களின் பின் நாம் அங்கு சென்றபோது, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண், "இப்ப முந்தியிலும் பார்க்கக் கூடத் தண்ணி வருது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் தந்த தேநீரிலோ பழைய கிணற்றின் உவர்ச்சுவை இருந்தது. மென்சவ்வு கெட்டுவிட்டது என்பதை அங்கிருந்த எவரும், நாம் உட்பட, உடனே உணரவில்லை.

உப்புக் குறைந்த நீருக்கும் கூடிய நீருக்கும் இடையே தகுந்த மென்சவ்வு ஒன்று நின்றால், நீர் உப்புக் கூடிய பக்கத்துக்கே செல்லும். பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். உப்புப் பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் திரும்பும், உப்பு பின்தங்கும். ஊரவர் 'ஆர்.ஓ. தண்ணி' என்பது இவ்வாறு பெறப்படுவதே. கடல்நீராயின் ஏறக்குறைய 27 வளிமண்டல அழுத்தத்தை விஞ்சவேண்டும். கிணற்று நீருக்கு அதில் சிறு பங்கே போதும்.

இந்த மென்சவ்வை மாவரிக்கும் அரிதட்டுப் போல எண்ணுவது தவறு. துளையின் பருமன் மட்டுமன்றி, சவ்வின் இரசாயன இயல்பும் உப்பைத் தடுக்கிறது. பருத்தியிலும் மரத்திலுமுள்ள செலுலோசு நீரை உறிஞ்சி ஊதும். அதன் ஐதரொட்சில் கூட்டங்களிற் பெரும்பாலானவற்றை அசற்றைல் கூட்டங்களாக மாற்றினால், நீரை விட்டு உப்பை மறிக்கும் பொருளாகிறது. 1960 அளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப், சௌரிராஜன் என்னும் இருவர் இப்பொருளில் மிக மெல்லிய தோலும் அதன் கீழே துளைகள் நிறைந்த படையும் கொண்ட சவ்வை உருவாக்கினர். 1965இல் அம்மாநிலத்தின் கோலிங்கா நகரில் இம்முறையால் குடிநீர் வழங்கப்பட்டது. எனினும் இச்சவ்வு காரநீரிற் சிதையும், பற்றீரியாக்களும் அதை உண்ணும்.

1970களில் ஜோன் கடோட் வேறு வழி கண்டார். துளையுள்ள தாங்குபடையொன்றை அமீன் கரைசலில் நனைத்து, அதன்மேல் அமிலக் குளோரைட்டுக் கரைசலைப் படவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பொலியமைட்டுத் தோல் நொடியில் படிகிறது. அதன் தடிப்பு மைக்கிரோமீற்றரில் ஐந்திலொரு பங்களவே. இன்று பெரும்பாலான நிலையங்களில் இருப்பது இவ்வகைச் சவ்வுதான். பற்றீரியா இதை உண்பதில்லை. ஆனால் குளோரினுக்கு இது தாங்காது. அமைட்டுப் பிணைப்பிலுள்ள நைதரசனுடன் இணைந்த ஐதரசனின் இடத்தைக் குளோரின் பிடிக்க, தோல் தளர்ந்து பிணைப்புகள் அறுகின்றன. லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினுள்ள நீர் 200 முதல் 1000 மணித்தியாலம் வரை பட்டாலே சேதம் தெரியவரும். நீரில் இரும்பு இருந்தால் கேடு இன்னும் விரைவுபடும்.

தளர்ந்த சவ்வு நீரையும் கூட விடும், உப்பையும் கூட விடும். அந்தப் பெண்ணை மகிழ்வித்த அதே அறிகுறி!

குளோரின் இடுவதை நிறுத்தவேண்டும் என்பதல்ல எமது கருத்து. சவ்வுக்கு முன்னே கரிவடிகட்டி இருப்பது குளோரினை நீக்குவதற்காகவும்தான். அந்த ஊரில் அது பொருத்திய நாள் முதல் மாற்றப்படவேயில்லை. கரிவடிகட்டியைக் கடந்துவரும் நீரிற் குளோரின் சோதனை வில்லையைக் கரைத்துப் பாருங்கள்; இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் பொறியை இயக்கவேண்டாம். வெளிவரும் நீரின் உப்பளவை மின்கடத்துமானியால் நாள்தோறும் அளந்து, நீரின் அளவோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் சவ்வைச் சந்தேகியுங்கள். சுத்திகரித்த நீரிற் குளோரின் இல்லாததால், அதைச் சேமிக்கும் குடம் மூடியோடு சுத்தமாக இருக்கவேண்டும்.

புதிய சவ்வை வாங்கியதில் சங்கத்தின் சேமிப்பு கரைந்தது. அந்தப் பெண் இப்போது காலையில் அளவெடுத்த பின்னரே குழாயைத் திறக்கிறார். கழிவுநீர்ப் பிரச்சினை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாதி நீர் குடிநீரானால், மற்றப் பாதியில் உப்பு ஏறக்குறைய இருமடங்காகும். அதைக் கிணற்றடியில் விட்டால் திரும்பவும் கிணற்றுக்கே வரும், தோட்டத்துக்கு விட்டால் மண் உவராகும். எங்கே விடுவது என்று சங்கத்தார் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவருகின்றனர்.